படம் அண்ணனுக்கு, எழுத்து தங்கைக்கு

அத்தியாயம் 9

காலையிலிருந்து கண்ணாடிக்காரர் உடைத்தது இது மூன்றாவது கண்ணாடி.

படங்களுக்குப் பிரேம் போடும் கடை அவருடையது. கோடு இழுத்து, மேஜை ஓரத்தில் வைத்து ஒரு தட்டு தட்டினால் துண்டு தானாகக் கையில் வந்து உட்காரும். அப்படிப்பட்ட கை. இன்றைக்கு அவர் இழுத்த கோடு ஒரு பக்கம் போனால் கண்ணாடி இன்னொரு பக்கம் போனது. கட்டைவிரலில் ரத்தம் வந்ததையே, பிரவுன் காகிதத்தில் கறை பட்ட பிறகுதான் பார்த்தார்.

காரணம் எதிர்ச் சுவரில் தொங்கியது. ஒரு வாலிபரின் பென்சில் படம். எடுப்பான நெற்றி, கொஞ்சம் பயந்த கண்கள், பித்தான் இல்லாத சட்டை. ஷட்டரைத் தூக்கியதும் அவர் முதலில் பார்ப்பது அந்த முகத்தைத்தான். அது அப்பா தன்னைத் தானே வரைந்துகொண்ட படம் என்று இருபது வருஷத்துக்கு மேலாக நம்பிக்கொண்டிருக்கிறார். இன்று அந்தப் பக்கம் திரும்பாமலே வேலை பார்க்க நினைத்தார். கண்ணாடி ஒத்துழைக்கவில்லை.

போன வாரம் ஊரில் இல்லாதவர்களுக்கும், பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து பத்திரிகை இன்னும் திரும்பி வராதவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடிக்காரரின் அப்பா பெரிய யுத்தத்தில் பிடிபட்டவர். காட்டுக்குள் இருந்த கைதிகள் முகாமில், நோயாளிகள் கிடந்த கொட்டகைக்கு உதவியாளாகப் போட்டார்கள். மருந்து வந்த அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, பின்பக்கத்தில் நோயாளிகளின் முகங்களைப் பென்சிலால் வரைந்தார். வரையப்பட்டவர்கள் ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில் பெயர், பட்டாளத்து நம்பர், வீட்டுக்கு ஒரு வரி என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் துண்டைப் படத்தின் மேல் மூலையில் குண்டூசியால் குத்திவைத்தார். முக்கால்வாசிப் பேர் ஊர் திரும்பவில்லை. இவர் திரும்பினார், அந்தக் கட்டோடு. துண்டுகளில் விலாசம் இல்லை; யாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்றும் அவருக்குத் தெரியவில்லை. அதைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தார்.

அவர் போன பிறகு கட்டைப் பிரித்தார்கள். குண்டூசியெல்லாம் துருப்பிடித்துக் காகிதத்தைத் தின்கிறதே என்று அண்ணனும் தங்கையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். அதுவரை நல்ல காரியம். பிறகு, சண்டை வேண்டாம் என்று, படம் அண்ணனுக்கு, எழுத்து தங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் பிரேம் போடுகிறவர், தங்கை எதைக் கண்டாலும் படிக்கிறவள். இத்தனை சுமுகமான பாகப்பிரிவினை அந்தத் தெரு கண்டதில்லை. இரண்டு பேரும் பெருமையாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அதன் பலன், அண்ணன் பீரோவில் பெயரில்லாத முகங்கள், தங்கை அலமாரியில் முகமில்லாத பெயர்கள்.

இப்போது நகர நூலகம், வீடுகளில் முடங்கிக் கிடக்கும் யுத்தகாலக் காகிதங்களைக் கொண்டுவரச் சொல்லிப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றுகிறது. காகிதம் வீட்டுக்காரருக்கே திரும்ப வந்துவிடும். அந்த வேலையைப் பார்ப்பவள் தங்கையின் மகள். கண்ணாடிக்காரருக்கு முறைக்கு மருமகள். துண்டுகளில் இருந்த பெயர்களை முதலில் இணையத்தில் போட்டாள். போட்ட நாலாம் நாள் தொலைபேசி வந்தது. பேசியது ஒரு வயதான அம்மாள். அந்தப் பெயரும் அந்த நம்பரும் தன் அப்பாவுடையவை என்றார். அவர் யுத்தத்துக்குப் போனபோது இந்த அம்மாள் தாய் வயிற்றில் இருந்தார்.

அவருடைய அப்பா துண்டில் எழுதியிருந்த வரி இது: 'பிறக்கும் குழந்தைக்கு நான் இப்படி இருந்தேன் என்று காட்டவும்.'

அந்த அம்மாள் இன்று வருகிறார்.

கடை போன் அடித்தது. தங்கைதான். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உத்தியோகம் பார்த்தவள். அண்ணன் அவளைக் கூப்பிடுவதே 'டெலிபோன்' என்றுதான்.

"அண்ணா, அந்தம்மா ரயில் ஏறிட்டாங்களாம். அவங்க பேரன் சொன்னான். மூணு மணிக்கெல்லாம் உன் கடை வாசல்ல இருப்பாங்க."

"வரட்டும்."

"வரட்டும்னா?"

"வரட்டும்னா வரட்டும்னுதான் அர்த்தம். அகராதி எடுத்துட்டு வரவா?"

"என் மேல எரிஞ்சு விழாதே. எனக்கு மட்டும் என்னவாம்? காலைலேர்ந்து துண்டை மூணு தடவை பையில வெச்சேன், மூணு தடவை எடுத்தேன். கூட யாரும் வரலையாம். தனியா வராங்க. நர்சா இருந்தவங்களாம், துணைக்கு ஆள் வேணாம்னுட்டாங்களாம்."

"சரி."

"அண்ணா…"

"என்ன?"

"ஒண்ணுமில்ல. உன் மருமக அங்கதான் வந்துட்டிருக்கா. கொஞ்சம் பொறுமையாப் பேசு."

போனை வைத்தபோதே வாசலில் வண்டி நின்றது. எப்போதும் "வாங்க ஸ்கேன் டாக்டர், இன்னிக்கு யாருக்கு என்ன வியாதி?" என்று வரவேற்கிற மாமா இன்று "வா" என்று மட்டும் சொன்னார். மருமகளும் வளவளக்கவில்லை. உடைந்த கண்ணாடியை ஒதுக்கிவிட்டு மடிக்கணினியை மேஜை மேல் திறந்தாள்.

"மாமா, நேத்து ராத்திரியோட எல்லாம் முடிஞ்சுது. பாருங்க."

திரையில் ஒரு முகம். அதன் மேல் ஒரு துண்டின் ஸ்கேன், கண்ணாடிக் காகிதம் போல ஊடுருவித் தெரிந்தது. அவள் துண்டை மெல்ல நகர்த்தினாள். மேல் மூலையில் இரண்டு ஓட்டைகளும், நடுவில் ஊசி படுத்திருந்த துருக்கோடும் கீழே இருந்த படத்தின் ஓட்டைகளோடும் கோட்டோடும் போய் ஒட்டிக்கொண்டன. தாத்தா அவசரத்தில் குத்திய ஊசி ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வு. வேறு எந்தப் படத்தோடும் அது பொருந்தாது.

"எல்லாத் துண்டுக்கும் முகம் கிடைச்சிடுச்சு, இன்னிக்கு வர்ற அம்மாவோட அப்பா துண்டைத் தவிர. எல்லாப் படத்துக்கும் பேர் கிடைச்சிடுச்சு…" என்று நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

கண்ணாடிக்காரர் சுவரைப் பார்க்கவில்லை. "கட்டைப் பிரிக்கும்போதே கரையான் தின்ன படம் ஒரு கத்தை இருந்துச்சு, துண்டும் சேர்ந்தே போயிருந்துச்சு. அதுல இந்தத் துண்டு மட்டும் தப்பிச்சிருக்கும்."

"இருக்கலாம். இல்லாமலும் போகலாம். பிரேமைப் பிரிச்சு மூலையைப் பார்த்தா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடும்."

"அது எங்கப்பா."

"யார் சொன்னது மாமா?"

"யாரு சொல்லணும்? நெத்தியைப் பாரு. அப்படியே என் நெத்தி."

"நெத்தி எல்லாருக்கும் இருக்கு மாமா."

கண்ணாடிக்காரருக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இன்று அது மூக்கைத் தாண்டி வெளியே வந்துவிட்டது.

"உனக்கென்ன தெரியும்? உங்க தாத்தாவுக்குச் சின்ன வயசு போட்டோ ஒண்ணாவது இருக்கா? பென்ஷன் புத்தகத்துல ஒண்ணு, அதுல கிழவனாயிட்டார். வீட்ல உட்கார்ந்தா பேச மாட்டார். கேட்டா எழுந்து போயிடுவார். என் வயசுக்கு அவர் என்கிட்ட பேசின பேச்சைச் சேர்த்து எழுதினா ஒரு பக்கம் வராது. எனக்குன்னு மிஞ்சினது இந்த முகம் ஒண்ணுதான். இதையும் பிரிச்சுப் பார்த்து, இல்லைன்னு சொல்லிட்டுப் போயிடுவே. அப்புறம் நான் யாரைப் பார்ப்பேன்?"

சொல்லி முடித்ததும் அவருக்கே கூச்சமாகப் போய்விட்டது. அறுபத்தெட்டு வயசு ஆள், கடை நடுவில் நின்றுகொண்டு அப்பா வேண்டும் என்கிறார். மருமகள் சிரிக்கவில்லை.

"கேமரா இன்னிக்குச் சாயங்காலம் அடுத்த ஊருக்குப் போகுது மாமா," என்றாள் மெதுவாக. "இரவல் கேமரா. மறுபடி எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. இந்தப் பென்சில் வருஷா வருஷம் மங்கிட்டிருக்கு, நீங்களே பார்க்கறீங்க. அது யாரா வேணா இருக்கட்டும். படம் பிடிக்காம விட்டா நம்ம ரெண்டு பேருக்குமே இல்லாமப் போயிடும்."

அது அவருக்குப் புரிந்தது. சட்டையின் கோடு போன வருஷம் இருந்த அழுத்தத்தில் இப்போது இல்லை. கண்ணாடி போட்டால் காலத்துக்கும் நிற்கும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லி வியாபாரம் செய்தவர்தான்.

"நானே பிரிக்கிறேன்," என்றார். "நீ உள்ள வராதே."

கடைக்குப் பின்னால் பட்டறை. மேஜையில் கம்பளியை விரித்து, படத்தைக் குப்புற வைத்தார். ஓரங்களில் ஒட்டியிருந்த பிரவுன் காகிதத்தைக் கிழித்தார். ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாக இழுத்தார். இருபது வருஷத்துக்கு முன் அவரே அடித்த ஆணிகள். நன்றாகத்தான் அடித்திருந்தார், வர மறுத்தன. பின்பலகையைத் தூக்கியதும் பழைய மருந்துப் பெட்டியின் எழுத்துகள் தெரிந்தன. குறடைக் கீழே வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அட்டையை எடுத்து மேல் மூலையைப் பார்த்தார்.

அங்கே மூலையே இல்லை. மேல் ஓரம் முழுக்க ஒரே நேர்க்கோடாக வெட்டப்பட்டிருந்தது. ஸ்கேல் வைத்து, புது பிளேடால், ஒரே இழுப்பில் வெட்டிய வெட்டு. அப்படி வெட்டக்கூடிய ஆள் இந்த வட்டாரத்தில் ஒருவர்தான்.

முதலில் அவருக்கு வந்தது நிம்மதி. மறைக்க என்ன இருக்கிறது, பெரிய நிம்மதி. ஓட்டையும் இல்லை, கேள்வியும் இல்லை. அப்பா தப்பித்துவிட்டார் என்று நினைத்தார்.

அதற்குப் பிறகுதான் ஏன் வெட்டினோம் என்பது ஞாபகம் வந்தது. பிரேம் அளவுக்காக வெட்டவில்லை. அளவு சரியாகத்தான் இருந்தது. மேல் மூலையில் துருக்கறை இருந்தது. அப்பா படத்தில் கறை அசிங்கமாக இருக்கிறது என்று அவர்தான் அந்த ஓரத்தை எடுத்தார். துரு இருந்தது என்றால் ஊசி இருந்தது. ஊசி இருந்தது என்றால் துண்டு இருந்தது. தன்னைத் தானே வரைந்துகொண்ட மனிதர் தன் பெயரைத் தனக்கே எழுதிக் குத்திவைத்துக்கொள்வாரா?

வெளியே தங்கையின் குரல் கேட்டது. வந்துவிட்டாள். கண்ணாடிக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு படத்தோடு வந்தார்.

"ஓட்டை இல்ல," என்றார். "மேல் ஓரம் வெட்டியிருக்கு."

"ஏன் மாமா வெட்டினீங்க?"

"பிரேம் அளவுக்கு."

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. மருமகள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூச்சு விட்டாள்.

"அப்ப எங்கப்பாதான்," என்றாள் தங்கை அவசரமாக. அவள்தான் ஒரு மாதமாக 'பிரேமைப் பிரி, பிரேமைப் பிரி' என்று அண்ணனை அரித்தவள். இப்போது அண்ணன் முகம் இருக்கிற இருப்பைப் பார்த்ததும் கட்சி மாறிவிட்டாள். "அப்பான்னே எழுதிடுடி."

"எழுத முடியாதும்மா."

"ஏன் முடியாது? கையில சுளுக்கா?"

"ஓட்டை இல்லைன்னா, யாருன்னு தெரியலைன்னு அர்த்தம். தாத்தான்னு அர்த்தம் இல்ல. ஒரு தடவை ஏத்திட்டா அதுதான் உலகம் பூரா இருக்கும். நாளைக்கு அந்தம்மாவோட பேரன் தேடினா, அவங்க கொள்ளுத்தாத்தா முகத்துக்குக் கீழ நம்ம தாத்தா பேர் இருக்கும். இல்ல, நம்ம தாத்தா முகத்துக்குக் கீழ அவங்க பேர் இருக்கும். ரெண்டும் வேணாம். 'யார்' அப்படிங்கற கட்டத்தைக் காலியா விடறேன்."

"காலியாவா? பெத்த அப்பாவைக் காலியா விடச் சொல்றியா?"

"விடு டெலிபோன்," என்றார் அண்ணன். "எடுத்துட்டுப் போகட்டும்."

மருமகள் படத்தை இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு ஓடினாள். அவள் போனதும் அண்ணனும் தங்கையும் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். படம் இருந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது.

"அவங்ககிட்ட எதுவும் சொல்ல வேணாம் அண்ணா," என்றாள் தங்கை. "துண்டைக் குடுப்போம். காபி குடுப்போம். படம் கரையான்ல போச்சுன்னு சொல்லிடுவோம். நிஜமாவே நிறைய போச்சே, அது பொய்யில்லையே."

"ம்."

"நான் சொல்றேன். நீ வாயைத் திறக்காதே. உன் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்."

அண்ணன் எழுந்து காலையில் உடைந்த கண்ணாடித் துண்டுகளைக் கூட்ட ஆரம்பித்தார்.

படம் பத்திரமாகத் திரும்பி வந்தது. கேமரா பிடித்துவிட்டது என்று மருமகள் சொன்னபோது மூன்று பேருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. கண்ணாடிக்காரர் படத்தை வாங்கிக் கல்லா மேஜையின் இழுப்பறைக்குள் வைத்தார். மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

இறங்கியவர் உயரமாக, ஒல்லியாக இருந்தார். தோளில் துணிப்பை. கையில் ஊன்றுகோல் இருந்தது, ஆனால் அதை ஊன்றவில்லை. யாரோ கட்டாயப்படுத்திக் கொடுத்தனுப்பியதைத் தூக்கிக்கொண்டு வருவது போல வந்தார்.

"பிரேம் கடை தம்பி நீங்கதானே? ரொம்ப நேரம் காக்க வெச்சிட்டேனா? ரயில்ல ஜன்னலோரம் கிடைக்கல, அது ஒண்ணுதான் குறை. குழாய் எங்க இருக்கு?"

"தண்ணி குடிக்கவாம்மா?" என்றாள் தங்கை.

"கை கழுவ. பழைய காகிதம்னு சொன்னீங்களே. அழுக்குக் கையால தொட்டா கெட்டுடும்."

பட்டறைக் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். விரல் விரலாகத் துடைத்தார். ஐம்பது வருஷத்துக்கு முன் பழகிய வேலை இன்னும் கையில் இருந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "இப்ப குடுங்க," என்றார்.

தங்கை துண்டை அவர் முன் வைத்தாள். உள்ளங்கை அகலக் காகிதம். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதலில் படிக்கவில்லை, எழுத்தைப் பார்த்தார்.

"எழுத்து வலது பக்கம் சாயுது. எனக்கும் இப்படித்தான் சாயும். ஸ்கூல்ல அடி வாங்கியிருக்கேன் இதுக்கு." சிரித்தார். பிறகு படித்தார். உதடு அசைந்தது. இரண்டாம் தடவை படித்தார். நிமிர்ந்து கண்ணாடிக்காரரைப் பார்த்தார்.

"காட்டவும்னு எழுதியிருக்காரே தம்பி. எங்க?"

தங்கை அண்ணனை முந்திக்கொண்டாள். "அது வந்தும்மா… நிறைய படம் கரையான் தின்னுடுச்சு. நாங்க எவ்வளவோ தேடினோம்…"

"அப்படியா?" அந்த அம்மாள் தலையை ஆட்டினார். "எண்பது வருஷமாச்சே. பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க? இவ்வளவு நாள் இதை வெச்சிருந்ததே பெரிசு. பரவாயில்லை."

பரவாயில்லை என்று அவர் சொன்ன விதத்தைத்தான் கண்ணாடிக்காரரால் தாங்க முடியவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பார், அழுதிருந்தால்கூட ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பார். பிறந்ததிலிருந்து 'பரவாயில்லை' சொல்லியே பழகிய வாய் அது. இன்னொரு தடவை அதைச் சொல்லவைத்தது தான்தான் என்பது அவருக்கு உறைத்தது.

இழுப்பறையைத் திறந்தார்.

"அண்ணா!" என்றாள் தங்கை.

"இரு." படத்தை அந்த அம்மாளுக்கு எதிரே, மேஜையில் சாய்த்து நிறுத்தினார். "அம்மா, இது எங்கப்பான்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன். உங்கப்பாவா இருக்கலாம். இந்த மேல் ஓரத்துல துரு இருந்துச்சு. ஊசி குத்தின துரு. அசிங்கமா இருக்குன்னு நான்தான் வெட்டி எடுத்தேன்."

"பிரேம் அளவுக்குன்னு சொன்னீங்களே மாமா?" என்றாள் மருமகள்.

"பொய் சொன்னேன்."

தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மருமகள் மாமாவையே பார்த்தாள்.

அந்த அம்மாள் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"நீங்களே பார்த்துச் சொல்லுங்கம்மா," என்றார் கண்ணாடிக்காரர். "இவர்தானா?"

"நான் எப்படித் தம்பி சொல்றது? நான் அவரைப் பார்த்ததே இல்லையே."

ஒரு மாதமாக இதைப் பற்றியே பேசிய மூன்று பேருக்கும் இந்த ஒன்று தோன்றவில்லை. வந்ததும் கண்டுபிடித்துவிடுவார், ஐயோ என்று கட்டிக்கொள்வார், அல்லது இல்லை என்று உதட்டைப் பிதுக்குவார், எப்படியும் அவருக்குத் தெரிந்துவிடும் என்றே எல்லோரும் பயந்துகொண்டிருந்தார்கள்.

"எங்கம்மா இருந்தா சொல்லியிருப்பாங்க. அவங்க போயே எவ்வளவோ காலமாச்சு. வீட்ல ஒரு போட்டோ கிடையாது. எப்படி இருப்பார்னு கேட்டா, 'ஆம்பளை மாதிரி இருப்பார், போ'ன்னுடுவாங்க." மறுபடி படத்தைப் பார்த்தார். "என்ன தம்பி, இவ்வளவு சின்னப் பையனா இருக்கார்! என் பேரனைவிடச் சின்னவர். இந்த வயசுல இவருக்குப் பொண்டாட்டி, புள்ள, யுத்தம்…"

தங்கை தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள். அவர் எடுக்கவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்கம்மா."

"நான் மாமா வீட்ல வளர்ந்தேன். என் வீட்டுக்காரருக்கும் அப்பா இல்ல. அதனால யாரையும் அப்பான்னு கூப்பிடற மாதிரி எனக்கு அமையலை. இவரை ஒரே ஒரு தடவை கூப்பிட்டுக்கட்டுமா? உங்கப்பாவா இருந்தா… கோவிச்சுக்க மாட்டார் இல்ல?"

கண்ணாடிக்காரர் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, கடையை விட்டு வெளியே வந்து படியில் நின்றார். தங்கையும் மருமகளும் பின்னாலேயே வந்தார்கள். மருமகள் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

தெருவில் பள்ளிக்கூட வேன் ஒன்று போயிற்று. எதிர்க் கடைக்காரர் கை தூக்கினார். இவர் பார்க்கவில்லை.

"ஏன்ணா சொன்னே?" என்றாள் தங்கை, அழுதுகொண்டே. "நான்தான் சமாளிச்சுட்டேனே."

"நீ நல்லாத்தான் சமாளிச்சே. அதான் சொன்னேன்." மூக்கை உறிஞ்சினார். "மருமகளே, அந்த மூலை மட்டும் இருந்தா, நீ உறுதியாச் சொல்லிடுவியா? இவங்கப்பாவா, எங்கப்பாவான்னு?"

"இவங்கப்பாவான்னு சொல்லிடுவேன் மாமா. ஊசி பொருந்தினா அவர், பொருந்தலைன்னா வேற ஆள். ஆனா அதைத்தான் வெட்டிட்டீங்களே."

"வெட்டினேன். தூக்கிப் போடலை."

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"பிரேமுக்குள்ள கண்ணாடி லொடலொடன்னு ஆடினா, ஓரத்துல காகிதம் மடிச்சுச் சொருகுவோம். வெட்டி எடுத்த துண்டுதான் எப்பவும் அதுக்கு. அன்னிக்கே இன்னொரு படமும் போட்டேன். அதுல கண்ணாடி ஆடுச்சு. இந்த வெட்டின ஓரத்தைத்தான் சொருகினேன். உள்ள பிரிக்கும்போதே ஞாபகம் வந்துடுச்சு, சொல்லலை."

"எந்தப் படம்ணா?"

"அம்மா போட்டோ."

தங்கைக்கு முகம் வெளுத்தது. அம்மா போட்டோவைத் தூக்கிக்கொண்டு போனவன் கடைக்குட்டித் தம்பி. அப்பா காரியம் முடிந்த வாரமே, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் நீங்கள் இரண்டு பேரே பிரித்துக்கொண்டீர்களே, உங்கள் சங்காத்தமே வேண்டாம் என்று கத்திவிட்டுப் போனான். இதே ஊரில், பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் வீடு. இருபது வருஷத்துக்கு மேலாகிறது. இவர்கள் போய்க் கதவைத் தட்டியதில்லை, அவன் திரும்பிப் பார்த்ததில்லை. கோபத்தில் அந்தப் படத்தை என்ன செய்து வைத்திருக்கிறானோ, அதுவும் தெரியாது.

"அவன் நம்மைப் படியேற விடுவானா அண்ணா?"

"தெரியாது."

மருமகள் வண்டிச் சாவியை எடுத்துவிட்டாள். "விடலைன்னா வாசல்லயே நிப்போம். அவங்க ராத்திரி ரயிலுக்குப் போகணும் மாமா. இப்பவே கிளம்பலாம், வாங்க."

கதவுக்கு உள்ளிருந்து குரல் வந்தது. புதுச் செருப்பைப் போட்டு ஓரடி வைத்துப் பார்ப்பது போல, தயங்கித் தயங்கி.

"அப்பா."

பிறகு மறுபடியும், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக.

"மாமா, கிளம்பலாமா?" என்றாள் மருமகள்.

கண்ணாடிக்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இரும்மா," என்றார். "அவங்க கூப்பிட்டு முடிக்கட்டும்."